காய்ச்சல், சளி நாட்களில் உடற்பயிற்சி: எப்போது நிறுத்துவது, எவ்வளவு குறைப்பது, எப்படித் திரும்புவது

உடம்பு சரியில்லாத காலையில் வாக்கிங் போவதா, படுத்துக்கொள்வதா என்று தீர்மானிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வேண்டும், நிமிடத்தை எண்ண ஒரு கடிகாரம் வேண்டும், நேற்று மாலையிலிருந்து என்னென்ன மாத்திரை போட்டோம் என்ற ஞாபகம் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பு கொதிக்கிறது என்று ஒரு பாராசிட்டமால் 650 போடுவார்கள். ஆறு மணிக்கு தெர்மாமீட்டர் 98.4 காட்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஜிம்முக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த 98.4 மாத்திரையின் வேலை; நோய் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் வேறு பெரிய நோய் இல்லாத பெரியவர்களுக்கு, வழக்கமாக வந்துபோகும் தொற்றுகளுக்கு. இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் கணக்கே வேறு; அது பின்னால் வருகிறது.

காலையில் செய்ய வேண்டிய சோதனை

முதலில் வெப்பம். காபி குடிக்கும் முன் பாருங்கள். சூடாக ஏதாவது குடித்துவிட்டால் 20 நிமிடம் பொறுத்து, நாக்குக்கு அடியில் வைத்து, வாயை மூடிக்கொண்டு, பீப் சத்தம் வரும்வரை காத்திருங்கள். அக்குளில் வைத்தால் வாயில் காட்டுவதைவிட அரை முதல் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் வரை குறைவாகக் காட்டும். வியர்வையைத் துடைக்காமல் வைத்தால் இன்னும் குறையும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மாதிரியான கருவி, ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தவருக்குச் சரியான எண்ணைத் தராது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸ், அதற்கு மேல் போனால் காய்ச்சல். 99.5-க்கும் 100.4-க்கும் நடுவில் நின்றால், ஏறப்போகிற காய்ச்சலா இறங்குகிற காய்ச்சலா என்று காலையில் சொல்ல முடியாது. உடம்பின் வெப்பம் இயல்பாகவே விடியற்காலையில் குறைந்து மாலையில் கூடும். ஆகவே அன்றைக்கு விட்டுவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் மறுபடி பாருங்கள்.

இரண்டாவது நாடித்துடிப்பு. படுக்கையை விட்டு எழும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல் வைத்து, முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால், எண்ணுவதில் விட்ட இரண்டு துடிப்பு எட்டாகிவிடும். உங்கள் வழக்கமான எண் தெரியாமல் இந்தச் சோதனையால் பயனில்லை. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு வாரத்தில் நாலைந்து காலை எண்ணி, தினசரி காலண்டரில் குறித்து வைத்துவிடுங்கள். வழக்கத்தைவிட 10 கூடியிருந்தால் ஓய்வு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி ஏறக்குறைய 10 ஏறும் என்பது பழைய மருத்துவக் கணக்கு. சில சமயம் தெர்மாமீட்டருக்கு முன்பே நாடி காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் இதைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. டைஃபாய்டிலும் டெங்குவிலும் வெப்பம் ஏறுகிற அளவுக்கு நாடி ஏறாமல் இருப்பதுண்டு. ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அப்படித்தான். நாடி சாதாரணம் என்பதற்காகக் காய்ச்சலைத் தள்ளிவிட முடியாது.

மூன்றாவது, தொந்தரவு உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. அமெரிக்க விளையாட்டு மருத்துவர் ராண்டி ஐக்னர் பிரபலமாக்கிய கழுத்துக் கணக்கு இது. மூக்கு ஒழுகுதல், மூக்கடைப்பு, தும்மல், லேசான தொண்டைக் கரகரப்பு எல்லாம் கழுத்துக்கு மேலே. இவை மட்டும் இருந்தால் குறைந்த அளவில் பயிற்சி செய்யலாம். நெஞ்சுச் சளி, ஆழத்திலிருந்து வரும் இருமல், மூச்சிரைப்பு, இழுப்பு, மேல் வலி, குளிர் நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை கழுத்துக்குக் கீழே. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓய்வு.

இந்தக் கணக்கில் ஓட்டைகளும் உண்டு. எச்சில் விழுங்கவே வலிக்கிற தொண்டை, காது வலி, கழுத்தில் நெறி கட்டுதல், கண்ணைத் திறக்க முடியாத தலைவலி எல்லாம் கழுத்துக்கு மேலேதான் இருக்கின்றன. அவற்றோடு வாக்கிங் போகலாம் என்று அர்த்தமில்லை. குனிந்து தாடையை நெஞ்சில் வைக்க முடியாதபடி பிடரி விறைத்துப்போய்க் காய்ச்சலும் இருந்தால், மூளைச்சவ்வு அழற்சியாக இருக்கலாம். ஓய்வா பயிற்சியா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை, நேராக மருத்துவமனைதான்.

நான்காவது நீர்ச்சத்து. காலையில் சிறுநீர் தேன் நிறத்தில் அடர்ந்திருந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலோ, நேற்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை என்றாலோ இன்றைக்கு வேண்டாம்.

நான்கில் ஒன்று தவறினாலும் ஓய்வு. நான்கும் தேறினால், அதன் பின் பத்து நிமிட ஒத்திகை: வீட்டு மாடியிலோ தெருவிலோ மெதுவாக நடந்து பாருங்கள். மூக்கு திறந்து உடம்பு லேசானால் தொடரலாம். தலை விண்விண் என்று தெறிக்கிறது, கால் கனக்கிறது என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

சளி மட்டும்தான் என்றால் எவ்வளவு செய்யலாம்

அமெரிக்காவில் தாமஸ் வைட்னர் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 50 இளைஞர்களுக்குச் சளியை உண்டாக்கும் ரைனோ வைரஸை மூக்கு வழியாகவே கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிதமான உடற்பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் செய்யவில்லை. பத்து நாள் கவனித்ததில் சளியின் கடுமையிலோ நீடித்த நாட்களிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். மிதமான பயிற்சி சளியை மோசமாக்கவில்லை. சீக்கிரம் குணப்படுத்தவும் இல்லை. ஓடி வியர்த்தால் சளி கரைந்துவிடும் என்பதற்கு இதில் ஆதாரமில்லை. அதோடு அந்த இளைஞர்களுக்கு வந்தது வெறும் சளி. இன்ஃப்ளூயன்சாவுக்கோ டெங்குவுக்கோ இந்த முடிவைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

அளவு இப்படி இருக்கட்டும். வழக்கமான நேரத்தில் பாதி, வழக்கமான வேகத்தில் முக்கால். தினமும் 50 நிமிடம் நடப்பவர் 25 நிமிடம். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். ஓட்டம், ஸ்கிப்பிங், விட்டுவிட்டு வேகமாகச் செய்யும் பயிற்சிகள், பந்தயம் எதுவும் வேண்டாம். வெயிட் எடுப்பவர்கள் வழக்கமான எடையில் பாதியோடு ஒரே ஒரு செட் எடுத்துக்கொள்ளலாம். மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும், சைனஸ் அடைத்திருப்பவருக்கு வலி பிளக்கும். சிரசாசனம், சர்வாங்காசனம், அதோமுக ஸ்வானாசனம் போன்ற தலைகீழ் நிலைகளை அடைப்பு போகும்வரை ஒத்திவையுங்கள். கபாலபாதி, பஸ்திரிகா இரண்டையும் அப்படியே. அடைத்த மூக்கோடு பலமாகக் காற்றை வெளித்தள்ளினால் நடுக்காதுக்கு அழுத்தம் போய்க் காது வலி வரும். கைகால் மூட்டுகளை அசைக்கிற பயிற்சிகளும் சவாசனமும் தாராளமாகச் செய்யலாம்.

செய்கிற இடமும் முக்கியம். உங்களால் முடிகிறது என்றாலும் ஏசி போட்ட மூடிய ஜிம்மில் தும்மிக்கொண்டே ட்ரெட்மில் கைப்பிடியைப் பிடிப்பது அடுத்தவருக்குச் செய்யும் உபகாரம் அல்ல. முதல் மூன்று நாள் தொற்று பரவுவது அதிகம். மொட்டைமாடி, தெரு, மைதானம் போதும். மார்கழிக் குளிரில் இழுப்பு வருகிறவர்கள், மூக்கு அடைத்து வாயால் மூச்சு விடும் நாட்களில் விடியற்காலை நடையை எட்டு மணிக்குத் தள்ளிக்கொள்வது நல்லது. மூக்கில் சூடேறாத குளிர்ந்த காற்று நேராக மூச்சுக்குழாய்க்குப் போய் அதைச் சுருங்கச் செய்யும்.

காய்ச்சலில் ஏன் கூடாது

‘நன்றாக வியர்த்தால் காய்ச்சல் இறங்கிவிடும்’ என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். நடப்பது இதற்கு மறுதலை. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்பின் வெப்பத்தை இவ்வளவு என்று குறித்து வைத்திருக்கிறது. கிருமி வந்தால் அந்தக் குறியை ஏற்றுகிறது. அந்த உயரத்தை எட்டத்தான் குளிர் நடுக்கம். குறி இறங்கும்போது கூடுதல் வெப்பத்தை வெளியேற்ற வியர்க்கிறது. ஆக, காய்ச்சல் இறங்குவதால் வியர்க்கிறது. போர்வைக்குள் புகுந்தோ ஓடியோ வியர்வையை வரவழைத்தால் குறி இறங்காது, நீர்தான் போகும்.

உழைக்கும் தசை செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் வெளிவருகிறது. ஏற்கெனவே 101-ல் இருக்கும் உடம்பில் அதையும் சேர்த்து, சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக்காற்றில் வியர்வை உலரவும் வழியில்லை என்றால், வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்) வரை போகலாம். பயிற்சியின்போது வெப்ப வாதத்தில் விழும் ராணுவ வீரர்கள், விளையாட்டு வீரர்களிடம் மருத்துவர்கள் தவறாமல் விசாரிப்பது, கடந்த சில நாட்களில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததா என்பதைத்தான்.

இதைவிடப் பெரிய கவலை இதயம். காக்சாக்கி, அடினோ, இன்ஃப்ளூயன்சா, கொரோனா என்று பல வைரஸ்கள் எப்போதாவது இதயத் தசையையும் தாக்கும். இதற்கு மயோகார்டைட்டிஸ் என்று பெயர். 1970-ல் காக்சாக்கி பி3 வைரஸ் செலுத்திய எலிகளைத் தண்ணீரில் நீந்தவைத்த ஆய்வில், நீந்தியவற்றின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியது, இறப்பும் கூடியது. மனிதரில் இப்படிச் சோதிக்க முடியாது. ஆனால் விளையாட்டுக் களத்தில் இளைஞர்கள் திடீரென விழுந்து இறப்பதற்கான காரணங்களில் மயோகார்டைட்டிஸ் ஒன்று என்பது நன்கு அறியப்பட்டது. சாதாரணக் காய்ச்சலில் இது அரிதுதான். ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. நான்கு நாள் ஜிம் போகாததால் ஆகும் நஷ்டமோ ஒன்றுமே இல்லை. தசை வலிமை இரண்டு மூன்று வாரம் வரை பெரிதாகக் குறையாது.

மூன்றாவது தசை. வைரஸ் காய்ச்சலில் மேல் வலி வரும்போது தசை நார்களே பாதிக்கப்பட்டிருக்கலாம். அதன் மேல் கனமான பயிற்சி செய்தால் நார்கள் சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் இதுவாக இருக்கலாம். அன்றைக்கே சிபிகே (தசைச் சிதைவைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டுவது) ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

நம் ஊர்க் காய்ச்சல்கள்: ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு

டெங்குவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்ற காய்ச்சல்களில் வெப்பம் இறங்கினால் நிம்மதி. டெங்குவில் வெப்பம் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. பெரும்பாலும் காய்ச்சல் கண்ட மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விட்ட 24 முதல் 48 மணி நேரத்தில், ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, காலாற நடந்துவிட்டு வருகிறேன்’ என்று கிளம்பி ரத்த அழுத்தம் விழுந்து மயங்குபவர்கள் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். விடாத வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுத்த மலம், அளவுக்கு மீறிய அசதி அல்லது படபடப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் மருத்துவமனை. வலிக்கு பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். பிளேட்லெட் குறைந்திருக்கும்வரை கபடி, கால்பந்து, கிரிக்கெட், சைக்கிள், பளு தூக்குதல் எதுவும் கூடாது. எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டி, அடுத்த பரிசோதனையிலும் இறங்காமல் நின்ற பிறகு நடையிலிருந்து தொடங்கலாம். அசதி சில வாரம் இழுக்கும். அது சோம்பேறித்தனம் அல்ல.

சிக்குன்குனியாவில் காய்ச்சல் சில நாளில் போய்விடும், மூட்டு வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். இங்கே முழு ஓய்வு எடுத்தால் மூட்டு இன்னும் விறைக்கும். காய்ச்சல் விட்டதும் மணிக்கட்டு, கணுக்கால், விரல்கள், முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் காலையும் மாலையும் பத்து முறை முழு வீச்சில் அசைக்க வேண்டும். முடிகிற தூரம் நடக்கலாம். ஓட்டம், ஸ்குவாட், மாடிப்படியில் ஏறி இறங்கும் பயிற்சி வலியைக் கிளப்பிவிடும். பயிற்சிக்குப் பின் வரும் வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நாளைக்குப் பாதியாகக் குறையுங்கள்.

டைஃபாய்டில் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் புண் வரும். கவனிக்காமல் விட்டால் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் அது ஓட்டையாகும் அபாயம் உண்டு. மண்ணீரலும் வீங்கியிருக்கலாம், அது மலேரியாவிலும் அப்படித்தான். வீங்கிய மண்ணீரலில் ஒரு முழங்கை இடி பட்டாலே கிழியக்கூடும். அதனால் ஆன்டிபயாட்டிக் முழுதாக முடிந்து, மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வயிற்றுத் தசைப் பயிற்சியும் பளுவும் உடலோடு உடல் மோதும் விளையாட்டும் இல்லை.

மஞ்சள் காமாலைக்கு மாதக்கணக்கில் படுக்கையில் வைப்பது பழைய வழக்கம். கொரியப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவ வீரர்களிடம் நடந்து 1955-ல் வெளியான ஆய்வு, கட்டிலிலேயே கிடந்தவர்களும் முடிந்தபோது நடமாடியவர்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தேறினார்கள் என்று காட்டியது. அசதி அனுமதிக்கும் அளவு வீட்டில் நடமாடலாம். கடும் பயிற்சி மட்டும் ஈரல் பரிசோதனை எண்கள் இயல்புக்குத் திரும்பும்வரை வேண்டாம். புரோட்டீன் பவுடர், கொழுப்பு குறைக்கும் மாத்திரை, உள்ளடக்கம் தெரியாத மூலிகைப் பொடி எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிடுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு விதி எளிது: கடைசியாகத் தண்ணீராகப் போனதிலிருந்து ஒரு முழு நாள் கழிந்து, சாப்பாடு தங்கி, சிறுநீர் வெளிர் மஞ்சளான பிறகே பயிற்சி. ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும், 20.5 கிராம் பொட்டலம் என்றால் ஒரு லிட்டர். ஒரு டம்ளரில் பாதிப் பொட்டலம் கொட்டிக் கலக்குவது நிறைய வீடுகளில் நடக்கிறது. உப்பு அடர்ந்துபோய்த் தாகமும் வாந்தியும் கூடும். பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு; இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லது.

கொரோனாவில் தொந்தரவு எல்லாம் போன பிறகே ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர் இருந்தால், உட்கார்ந்திருக்கும்போது ஒரு முறை, ஆறு நிமிடம் நடந்தபின் ஒரு முறை பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே இருந்தாலும், நடந்தபின் 3 புள்ளிக்கு மேல் விழுந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். மெட்ராஸ் ஐ வந்தவர்கள் வாக்கிங் போகலாம். நீச்சல் குளமும், ஜிம்மில் பொதுத் துண்டும் கூடாது.

மாத்திரை போட்டுக்கொண்டே பயிற்சி

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக் நம் ஊரில் வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் அடிக்கடி எழுதப்படுகிறது. இவை தசையை எலும்போடு இணைக்கும் நாண்களைப் பலவீனப்படுத்தும், முக்கியமாகக் குதிகாலுக்கு மேலே இருக்கும் பெரிய நாணை. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அபாயம் அதிகம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே இதற்குக் கடும் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. மருந்து முடிந்து பல வாரங்கள் கழித்தும் நாண் அறுந்திருக்கிறது. எனவே அந்தக் கோர்ஸ் நடக்கும்போதும் அதற்குப் பின் சில வாரமும் குதித்தல், திடீர் வேக ஓட்டம், பளுவோடு குதிகாலை உயர்த்தும் காஃப் ரெய்ஸ் வேண்டாம். குதிகாலில் வலி தெரிந்தால் மாத்திரையை எழுதித்தந்தவருக்கு உடனே சொல்லுங்கள்.

மூக்கடைப்புக்கான கூட்டு மாத்திரைகளில் ஃபீனைல்எஃப்ரின் போன்றவை இருக்கும். நாடியும் ரத்த அழுத்தமும் மாறும், உங்கள் காலைக் கணக்கு தப்பாகும். அதே மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின் தூக்கம் தரும். அதைப் போட்டுவிட்டு ட்ரெட்மில்லில் ஏறக் கூடாது. பாராசிட்டமால் பல கூட்டு மாத்திரைகளில் ஒளிந்திருக்கும், தனியாக 650-ம் போட்டால் ஒரு நாள் அளவு எளிதில் மிஞ்சும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள்.

சர்க்கரை நோயாளிகளும் வயதானவர்களும்

சர்க்கரை உள்ளவர்கள்தான் காய்ச்சலிலும் வாக்கிங்கை விடமாட்டேன் என்பார்கள். டாக்டர் ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லியிருப்பார். ஆனால் தொற்று வந்தால் சர்க்கரை தானாகவே ஏறும். நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். 250-க்கு மேல் இருந்து, சிறுநீரில் கீட்டோனும் (சர்க்கரைக்குப் பதில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) தெரிந்தால் பயிற்சி சர்க்கரையை இன்னும் ஏற்றும். இன்சுலின், கிளிமெபிரைடு எடுப்பவர்கள் சரியாகச் சாப்பிடாமல் நடந்தால் தாழ்சர்க்கரை வரும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வாந்தியும் பட்டினியும் சேர்ந்தால், சர்க்கரை 200-க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் நஞ்சேற்றம் வரலாம். அந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்துவது என்று போனிலாவது கேட்டுவிடுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

முதியவர்களிடம் நடக்கும் தவறு நேர் எதிரானது. காய்ச்சல் என்றால் பத்து நாள் கட்டிலிலேயே வைத்து ஊட்டிவிடுவார்கள். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், கால் தசையில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கரைந்திருந்தது. இளைஞர்களும் தப்பவில்லை: 1966-ல் டல்லாஸில் ஐந்து கல்லூரி மாணவர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்தபோது அவர்களின் உச்ச ஆக்சிஜன் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்தது.

ஆகவே தாத்தா பாட்டிக்கு ஓய்வு என்றால் பயிற்சியிலிருந்து ஓய்வு, நாற்காலியிலிருந்து அல்ல. மூன்று வேளையும் எழுந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு ஒருவர் பக்கத்தில் இருக்க எழுந்து, கழிவறைக்கு நடந்தே போகட்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை கணுக்காலை மேலும் கீழும் 20 தடவை அசைக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் இறங்கிய மறுநாளிலிருந்து, கையூன்றியாவது நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருதல், நாளைக்கு மூன்று வேளை. தினம் ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ கூடுதலாகச் சேர்ந்தால்தான் கரைந்த தசை திரும்பும். டெங்கு சந்தேகம் இருந்தால் மட்டும் தனியாக எழுந்து நடக்க விடாதீர்கள்.

திரும்பி வருவது

கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். நாலு நாள் விட்டதைப் பிடிக்கிறேன் என்று ஐந்தாம் நாள் இரட்டிப்பாகச் செய்வார்கள், ஏழாம் நாள் மறுபடி படுப்பார்கள். தொடங்க இரண்டு நிபந்தனை: பாராசிட்டமால் இல்லாமல் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, காலை நாடி வழக்கத்துக்கு 5-க்குள் வந்துவிட்டது.

காய்ச்சல் ஒன்றிரண்டு நாள்தான் இருந்தது என்றால்:

1. முதல் நாள் சமதரையில் 15 நிமிட நடை.
2. இரண்டாம் நாள் 25 நிமிடம், அதே வேகம்.
3. மூன்றாம் நாள் உங்கள் வழக்கமான பயிற்சியில் பாதி.
4. நான்காம், ஐந்தாம் நாள் முக்கால்.
5. ஆறாம் நாள் பழைய அளவு.

ஒவ்வொரு படிக்கும் மறுநாள் காலை நாடிதான் அனுமதிச் சீட்டு. 10 கூடியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். காய்ச்சல் மூன்று முதல் ஏழு நாள் இருந்தால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு நாள். ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருந்தால், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால், நாள் கணக்கை விட்டு வாரக் கணக்குக்கு மாறுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பும் வீரர்களுக்கு அமெரிக்கப் பயிற்சியாளர் அமைப்புகள் 2019-ல் சொன்ன அளவு இதற்கும் பொருந்தும்: முதல் வாரம் பழைய அளவில் 50 சதவீதம் குறைவு, இரண்டாம் வாரம் 30, மூன்றாம் வாரம் 20, நான்காம் வாரம் 10.

வெயிட் எடுப்பவருக்கு இது எப்படி என்றால்: முன்பு 60 கிலோ ஸ்குவாட், 10 முறை, 3 செட் எடுத்தவரின் மொத்தம் 1,800 கிலோ. முதல் வாரம் 900 வர வேண்டும். 45 கிலோ, 10 முறை, 2 செட். இரண்டாம் வாரம் 1,260-க்குள். 45 கிலோ, 9 முறை, 3 செட். எடையை அப்படியே வைத்துக்கொண்டு செட்டை மட்டும் குறைப்பது தவறு. கடைசி முறை முக்கிக்கொண்டு தூக்குவது நின்றாக வேண்டும். நடை, ஓட்டத்தில் முதலில் நாட்களைக் கூட்டுங்கள், அடுத்து நிமிடங்களை, வேகத்தைக் கடைசியாக.

பயிற்சி செய்தபோது நன்றாக இருந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ அடித்துப் போட்டது போல் ஆனால், அதுவும் இரண்டு முறை அப்படி நடந்தால், ‘பழகிவிடும்’ என்று தள்ளாதீர்கள். கொரோனாவுக்குப் பின் பலருக்கு வந்தது இதுதான். தள்ளத் தள்ள இது மோசமாகும். அன்றாட வேலைகளுக்கு இடையிலேயே ஓய்வு பிரித்து எடுத்து, மருத்துவரைப் பாருங்கள்.

காய்ச்சலுக்குப் பிந்தைய ஒரு மாதத்தில் நெஞ்சு வலி, படபடவென்று தாறுமாறான துடிப்பு, முன்பு சிரமமில்லாமல் ஏறிய மாடியில் மூச்சிரைப்பு, கால் வீக்கம் வந்தால் பயிற்சியை நிறுத்தி இசிஜி, எக்கோ, ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மூன்றும் பார்க்க வேண்டும். மயோகார்டைட்டிஸ் என்று உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் கடும் பயிற்சிக்குத் தடை. அதன் பிறகும் பரிசோதித்துத்தான் அனுமதிப்பார்கள். பயிற்சியின் நடுவில் மயங்கி விழுந்தாலோ நெஞ்சை அழுத்திப் பிடித்தாலோ, தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு ‘ஒன்றுமில்லை, சாப்பிடாததால்தான்’ என்று பைக்கில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பாதீர்கள். படுக்கவைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, 108-ஐ அழையுங்கள்.